தீர்ப்பு கையில்... இழப்பீடு எங்கே?

கோட்டாட்சியர் அலுவலக வாசலில் ஒரு மினி லாரி வந்து நிற்கும். நீதிமன்ற அமீனா உத்தரவு நகலோடு இறங்குவார். கூடவே வழக்குப் போட்ட விவசாயி, அவருடைய வக்கீல். நாற்காலி, மேசை, கம்ப்யூட்டர், அதிகாரியின் ஜீப் என்று ஜப்திப் பட்டியல் வாசிக்கப்படும். உள்ளே அவசர அவசரமாகப் போனில் பேசுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ‘இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், எழுதித் தருகிறோம்’ என்று பதில் வரும். வந்த வண்டி காலியாகத் திரும்பிப் போகும்.

இப்படி ஒரு செய்தியைத் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு மாவட்டப் பக்கத்தில் படிக்காத வாசகர் இருக்க மாட்டார். கலெக்டர் ஆபீஸ் நாற்காலியைக் கோர்ட்டு தூக்கப் போனதாம் என்று டீக்கடையில் பேசிச் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த வாசலில் நிற்கும் விவசாயிக்கு அது சிரிக்கிற விஷயம் அல்ல. அவருடைய நிலத்தின் மேல் ரோடோ தொழிற்பேட்டையோ வந்து பல வருஷம் ஆகியிருக்கும். அரசு கொடுத்த விலை குறைவு என்று நீதிமன்றமே சொல்லியிருக்கும். கூடுதல் தொகை எவ்வளவு என்று பைசா சுத்தமாகத் தீர்ப்பில் எழுதியிருக்கும். வர வேண்டியது பணம் மட்டும்தான்.

ஆரணிப் பக்கத்து விவசாயிகளுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன வட்டாரம் இது. ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கம் காலையில் தெருவில் பாவு நீட்டுவதைப் பார்க்கலாம். ஊரைத் தாண்டினால் நெல் வயல். களம்பூர் பொன்னி அரிசியைத் தெரியாத அரிசிக் கடைக்காரர் இல்லை. இந்த வயல்களை ஒட்டித்தான் ஆரணி வழியாகப் போகும் திண்டிவனம்–நகரி ரயில் பாதை வருகிறது. பக்கத்திலே செய்யாறு சிப்காட். நிலம் எடுக்கும் நோட்டீஸ் என்றால் என்ன என்பது இங்கே பல வீடுகளுக்குத் தெரியும். நோட்டீஸுக்குப் பிறகு என்ன நடக்கும், தீர்ப்புக்குப் பிறகும் என்ன நடக்காமல் போகும் என்பதைத் தெரிந்துகொள்ள, நம் பக்கத்து ஆற்றின் கதையே போதும்.

பாலாறு போட்ட வழக்கு

ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. 1989-ல் திருவண்ணாமலை மாவட்டம் தனியாகப் பிரியும் வரை ஆரணியும் ஆற்காடும் ஆம்பூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய. அங்கே கிணறு கெட்டுப்போன கதை நமக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கதை.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் ஏரிகளையும் வயல்களையும் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் போட்ட மதிப்பீடு அந்தத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. கெடுத்தவரே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்னது. இன்றைக்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

தீர்ப்பைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. நஷ்டத்தைக் கணக்குப் பார்த்து 2001 மார்ச் 7-ல் தன் முடிவை அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். பொறுப்பேற்க வேண்டிய தொழிற்சாலைகள் 547. மொத்த இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். இது 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரைக்குமான நஷ்டத்துக்கு மட்டும்.

26.82 கோடி என்றால் பெரிய தொகை மாதிரித் தெரியும். 29,193 பேருக்குப் பிரித்துப் பாருங்கள். தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வராது. ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட மகசூல் இழப்புக்கு இவ்வளவுதான். அந்தச் சின்னத் தொகையும் எல்லாருக்கும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. தொழிற்சாலைகளிடம் வசூலிக்க வேண்டியது, பட்டியலில் உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டியது என்று வேலை மாவட்ட நிர்வாகத்தின் மேசையில் நின்றது. ஒரு பக்கம் தொகையை எதிர்த்து வழக்கு, இன்னொரு பக்கம் இழப்பீட்டை நீட்டிக்கக் கேட்டு வழக்கு. 2009 ஆகஸ்டில் இன்னொரு பட்டியலும் வந்தது.

கடைசியில் 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். 2001, 2009 ஆகிய இரண்டு பட்டியல்களிலும் இன்னும் பணம் கிடைக்காதவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். கெடுத்த தொழிற்சாலைகளிடமிருந்து அதை வருவாய் வசூல் சட்டப்படி அரசு பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும். ஆற்றைச் சீர்செய்ய ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும். வழக்கை இத்தோடு முடிக்காமல் நீதிமன்றம் தொடர்ந்து கண்காணிக்கும்.

2001-ல் கணக்குப் போட்டு முடித்த தொகையைக் கொடுக்கச் சொல்லி 2025-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. வழக்குப் போட்ட நாளிலிருந்து பார்த்தால் 34 வருஷம். 1991-ல் நாற்பது வயதில் இருந்த விவசாயிக்கு 2025-ல் வயது 74.

மண் காத்திருக்காது

இழப்பீடு தாமதமானால் வட்டியோடு கொடுத்துவிட்டால் போயிற்று என்று அலுவலகத்தில் நினைக்கலாம். வயலில் அப்படி இல்லை.

பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் இறங்கும். சாதாரணச் சுத்திகரிப்பில் குரோமியத்தை ஓரளவு பிரித்துவிடலாம். கரைந்த உப்பு அவ்வளவு சுலபமாகப் பிரியாது. அந்தத் தண்ணீர் கிணற்றுக்கும் வயலுக்கும் வந்து சேர்ந்தால், சோடியம் மண்ணில் தங்கிவிடும். மண் இறுகும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. நெல் பால் பிடிக்காமல் பதராகும். தென்னையில் காய் சிறுத்துப்போகும்.

இதற்கு வைத்தியம் உண்டு. மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியமும் அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்தால், ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது வேளாண் துறை சொல்லும் வழி. உவர் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3, கோ 43 போன்ற நெல் ரகங்களும் இருக்கின்றன. ஆனால் ஜிப்சத்துக்கும் வடிகாலுக்கும் நல்ல தண்ணீருக்கும் காசு வேண்டும். கிணறே கெட்டுப்போனவருக்கு நல்ல தண்ணீர் எங்கே? கெட்ட தொடக்கத்திலேயே கையில் பணம் வந்திருந்தால் ஒரு ஏக்கரையாவது மீட்டிருக்கலாம். பத்து வருஷம் கழித்து வரும் பணத்துக்கு மண் இன்னும் இறுகியிருக்கும். பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போயிருப்பார்கள். நொய்யலில் சாயக் கழிவால் கெட்ட ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகளுக்கும் இதே அனுபவம்தான்.

பணம் எங்கே நிற்கிறது?

ஆற்றுக் கழிவு வழக்குகள் சில. ஆனால் நிலம் எடுத்த வழக்குகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கின்றன. அவற்றில் பணம் நிற்கும் இடத்தைப் புரிந்துகொள்வது அவசியம்.

நிலம் கேட்பது ஒரு துறை: ரயில்வே, நெடுஞ்சாலை, சிப்காட், ஆதிதிராவிடர் நலம் என்று. எடுத்துக் கொடுப்பது வருவாய்த் துறை. அதற்காகப் போடப்பட்ட தனி தாசில்தார் அலுவலகம் வேலை முடிந்ததும் கலைக்கப்பட்டுவிடும். பல வருஷம் கழித்து சார்பு நீதிமன்றம் சென்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று உயர்த்தித் தீர்ப்புச் சொல்லும்போது, அந்தக் கோப்பைத் தெரிந்தவர் யாரும் அந்த மேசையில் இருப்பதில்லை. கோட்டாட்சியர் கலெக்டருக்கு எழுதுவார். கலெக்டர் நிலம் கேட்ட துறைக்கு எழுதுவார். அந்தத் துறை நிதித் துறையைக் கேட்கும். நடுவில் அப்பீல் போகலாமா என்று அரசு வக்கீலிடம் கருத்துக் கேட்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் சில மாதம்.

அப்பீல் போட்டாலே பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. மேல் நீதிமன்றம் தடை கொடுத்தால்தான் தீர்ப்பு நிற்கும். வெறும் அப்பீல் மனு தடை ஆகாது. கோப்பு நகரத் தாமதம் ஆயிற்று என்று அரசுத் துறைகள் சொல்லும் சாக்கை ஏற்க முடியாது, காலக்கெடுச் சட்டம் அரசுக்கும் பொது என்று 2012-ல் அஞ்சல் துறை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

விவசாயி கடைசியில் நிறைவேற்று மனுப் போடுகிறார். அதிலிருந்துதான் ஜப்திக் காட்சி வருகிறது. பழைய ஜீப்பையும் நாற்காலிகளையும் ஏலம் விட்டால் இழப்பீட்டில் ஒரு மூலைகூட அடையாது. அது எல்லாருக்கும் தெரியும். அலுவலகத்துக்குத் தலைகுனிவு வந்தால்தான் கோப்பு நகரும் என்பதற்காகவே அந்த வழி பயன்படுகிறது. ஒரு அரசைத் தீர்ப்புக்குக் கீழ்ப்படிய வைக்க அதன் நாற்காலியைத் தூக்க வேண்டியிருப்பது யாருக்கும் பெருமை இல்லை.

தீர்ப்பு வாங்கியும் நிறைவேறாமல் கிடப்பது அரசு சம்பந்தப்பட்ட வழக்குகளில் மட்டும் அல்ல. சேலத்து நிலத் தகராறு ஒன்று பல பத்தாண்டு இழுத்ததைப் பார்த்து, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் கணக்குக் கேட்டது. 8.82 லட்சம் நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடப்பதாக அந்த ஆண்டே தெரியவந்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 86 ஆயிரம். இப்படிப்பட்ட மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2021-லேயே சொல்லியிருந்தது.

தாமதத்துக்கு யார் கட்டுவது?

நில எடுப்பில் நீதிமன்றம் உயர்த்திய தொகைக்கு, நிலத்தை அரசு கைவசம் எடுத்த நாளிலிருந்து முதல் வருஷம் 9 சதவீதம், அதற்கு மேல் வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. 1894 சட்டத்திலும் 2013 சட்டத்திலும் இதுதான் விகிதம். ஆறுதல் தொகைக்கும் இந்த வட்டி உண்டு என்று 2001-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

ஒரு கணக்குப் பார்ப்போம். உயர்த்திய தொகை 10 லட்சம் ரூபாய். பத்து வருஷம் கொடுக்கவில்லை. முதல் வருஷ வட்டி 90 ஆயிரம். மீதி ஒன்பது வருஷத்துக்கு வருஷம் ஒன்றரை லட்சம் வீதம் 13.5 லட்சம். வட்டி மட்டும் 14.4 லட்சம். மொத்தம் 24.4 லட்சம். முதலிலேயே 10 லட்சத்தில் முடிந்திருக்க வேண்டியது. கூடுதல் 14.4 லட்சமும் கோப்பை வைத்திருந்த அதிகாரியின் சம்பளத்தில் பிடிப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் ஏரி தூர்வாரவும் போக வேண்டிய பொதுப் பணம் அது. விவசாயிக்கும் இது லாபம் இல்லை. பத்து வருஷத்தில் பக்கத்து நிலத்தின் விலை எங்கோ போயிருக்கும்.

பக்கத்து மாநிலத்தில் இதை ஒட்டி ஒரு நல்ல தீர்ப்பு வந்திருக்கிறது. பெங்களூரு–மைசூரு சாலைத் திட்டத்துக்காக 2003-ல் எடுக்க அறிவித்த நிலத்துக்கு இருபது வருஷம் கடந்தும் இழப்பீடு தராததால், 2025 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2003 விலையை வைத்துக் கொடுப்பது அநியாயம், 2019 ஏப்ரல் விலையை வைத்துக் கணக்கிட வேண்டும் என்றது. சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலில் இல்லாவிட்டாலும் அரசியல் சாசனத்தின் 300-ஏ பிரிவின்படி அது சாசன உரிமைதான் என்பதை நினைவூட்டியது.

தீர்ப்பு கையில் இருந்தால்...

முதலில், எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தார்கள் என்று அறிவிப்பைப் பாருங்கள். 1894 சட்டமா, 2013 சட்டமா, தமிழ்நாட்டின் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டமா, நெடுஞ்சாலைச் சட்டமா என்பதைப் பொறுத்து எங்கே, எத்தனை நாளில் மனுப் போடுவது என்பது மாறும். அரசு கொடுக்கும் முதல் தொகையை ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். தொகை போதாது என்று மனுப் போட 1894, 2013 சட்டங்களில் பொதுவாக ஆறு வாரம்தான். நோட்டீஸ் முறைப்படி வராதவருக்குப் பொதுவாக ஆறு மாதம்.

பக்கத்து நிலத்துக்காரர் கோர்ட்டுக்குப் போய்த் தொகையை உயர்த்திக்கொண்டார், நாம் போகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஒரே அறிவிப்பில் எடுத்த நிலமாக இருந்தால், அந்தத் தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் உங்களுக்கும் அதே விலை கேட்டு மனுக் கொடுக்கலாம். 1894 சட்டத்தில் பிரிவு 28-ஏ. 2013 சட்டத்தில் பிரிவு 73. அந்த மூன்று மாதம் தெரியாமல் நழுவவிட்டவர்கள் ஏராளம்.

அரசுக்கு எதிரான தீர்ப்பை உடனே நிறைவேற்றக் கேட்க முடியாது. தீர்ப்பு நாளிலிருந்து மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு நிறைவேற்று மனுப் போடலாம். பன்னிரண்டு வருஷம் கடந்தால் அந்த உரிமை போய்விடும். உயர் நீதிமன்றம் ரிட் மனுவில் உத்தரவு போட்டு அதை அதிகாரி மதிக்கவில்லை என்றால் அவமதிப்பு மனுப் போடலாம். அதற்குக் கெடு ஒரு வருஷம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

உங்கள் வழக்குக்குத் துறை பணம் அனுப்பியதா, நீதிமன்றத்தில் கட்டியதா, கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். சில சமயம் பணம் நீதிமன்றக் கணக்கில் வந்து கிடக்கும், நிலக்காரருக்கே தெரியாது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

நில உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுகள் உடனே வாரிசுச் சான்று வாங்கி வழக்கில் பெயர் சேர்த்துவிட வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேசித் தீர்க்காத பாகப் பிரச்சினை இருந்தால், வந்த பணமும் நீதிமன்றத்திலேயே கிடக்கும்.

வயலோ கிணறோ கெடுகிறது என்று சந்தேகம் வந்தால் இன்றைக்கே மண், தண்ணீர் பரிசோதனை செய்து முடிவைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து எடுத்த பரிசோதனைத் தாளைவிடப் பெரிய சாட்சி இழப்பீட்டு வழக்கில் கிடைக்காது.

ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றங்கரையில் உறவினர் உள்ளவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் அப்பா அல்லது மாமனார் பெயர் 2001 பட்டியலிலோ 2009 பட்டியலிலோ இருக்கிறதா, பணம் வாங்கியதாகக் கணக்கு இருக்கிறதா என்று கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். அவர் இப்போது இல்லாவிட்டால் வாரிசுச் சான்றோடு போங்கள். தொகை சிறியதுதான். ஆனாலும் அது அவருடைய வயலுக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கிய நியாயம்.